தெர்சா ஒதுக்கி வைத்த கையெழுத்து

எங்கள் ஊர் வெல்னம் கோயிலில் கலியாணப் புத்தகம் இருக்கும் மரப்பெட்டிக்கு மூன்று பூட்டு. நற்கருணைக்கு எடுக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்குக்கூட ஒரே பூட்டுதான். யாருக்கு யார் பெண்டாட்டி என்பதை அவ்வளவு பத்திரமாகக் காக்கிறார்களாம். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று கேட்க மட்டும் ஒரு பூட்டும் இல்லை, ஒரு ஆளும் இல்லை.

என் புருஷன் சைலஸ் அந்தக் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, குருவானவர் ஜெபம் சொன்னால் உரக்க ஆமென் போடுவது, அவருடைய வெள்ளை அங்கியை என்னிடம் கொண்டுவந்து துவைக்கப் போடுவது எல்லாம் அவர் வேலை. கலியாணத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். சொந்தக்காரர்கள் வராவிட்டால் சைலஸும் நானும் நிற்போம். அவர் பெயர் எழுதுவார். எனக்கு எழுத்து வராது. சிலுவைக் கீறல் ஒன்று போடுவேன். அந்தப் புத்தகத்தில் என் கீறல் இல்லாத பக்கங்கள் கொஞ்சம்தான். தெர்சா பாஸ்க்கின் பக்கம் அதில் ஒன்று. அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பேனாவை முறித்துப் போட்டிருப்பேன்.

தெர்சா பண்ணைக்காரர் ஹொரெலின் மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்தவள். பாலாடைக்கட்டி பிழியும் கல்லை ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தூக்கும் இடத்தில் இவள் ஒருத்தியாகத் தூக்குவாள். வாய்விட்டுச் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். முந்தின குருவானவரின் தங்கை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் இரண்டு வாரத்தில் ஓடி வந்துவிட்டேன். தெர்சா பிடிவாதமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். தன் பால் வாளிகளின் அடியில் ஆணியால் பெயரைக் கீறி வைத்திருப்பாள். எங்கள் வயதுப் பெண்களில் பெயர் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்தால் என்ன!

அவளுக்கும் தட்டி முடைகிற ரூபன் லாடுக்கும் கலியாணம் நிச்சயமாகி, தடை உண்டா என்று ஊரறியக் கேட்கும் கலியாண ஓலையைக் கோயிலில் வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஊர்க்காவல் படைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், ரூபன் பெயர் விழுந்தது. பணம் உள்ளவன் பதில் ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வான். ரூபனிடம் இருந்தது ஒரு வெட்டுக்கத்தியும் ஒரு கிழ நாயும். பிரெஞ்சுக்காரன் வந்துவிடப் போகிறான் என்று அவனைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

குளிர்காலம் முடிவதற்குள் தெர்சாவுக்கு வயிறு தெரிந்தது. அந்த வருஷம் ஏழைகளுக்கான வரியை வாங்கிச் செலவழிக்கும் மணியக்காரர் ஹொரெல்தான். ஒரு ஏழைப் பெண்ணின் வயிறு மேடிட்டால் மற்றவர்களுக்குப் பிள்ளை தெரியும். மணியக்காரருக்குச் செலவு தெரியும். கோயில் பின்னறையில் பெரிய மனிதர்கள் கூடி அவளை நிற்க வைத்தார்கள். நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு புள்ள?" என்றார் ஹொரெல்.

"ரூபன் புள்ள, எஜமான். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நீங்க எல்லாரும் உக்காந்து கேட்டீங்களே."

"ரெண்டு ஓலை கலியாணம் ஆயிடுமா?"

"அறுப்புக்கு லீவு குடுப்பாங்க எஜமான். அவரு வந்துருவாரு. அது வரைக்கும் பொறுங்க."

"நாங்க பொறுப்போம். உன் வயிறு பொறுக்குமா?" என்றார் ஹொரெல். எல்லாரும் சிரித்தார்கள். குருவானவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் வாரத்தில் பாதி நாள் சாப்பிடுவது ஹொரெல் வீட்டு மேஜையில்.

ஹொரெலின் கணக்கு இதுதான். வெல்னத்தில் தகப்பன் பேர் இல்லாத பிள்ளை பிறந்தால் அது வெல்னத்துச் சோறு தின்னும். அவளை வேற்றூர்க்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் சட்டப்படி அவளும் பிள்ளையும் அவன் ஊருக்குச் சொந்தம். பிறகு அந்த ஊர் பாடு. இந்த வேலையைச் செய்யாத மணியக்காரர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். வசூலித்த வரியிலிருந்தே மாப்பிள்ளைக்கும் மோதிரத்துக்கும் கொடுப்பார்கள்.

சித்திரை மாதத்தில் ஹொரெல் ஒருவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெயர் ஓபேத் கிரிம்வுட். ஒரு கால் நொண்டி, மூச்சு விட்டால் சாராயம். எந்த ஊர் என்று கேட்டால் "எல்லா ஊருந்தான்" என்று இளித்தான். அவன் எந்த ஊர் என்பது ஹொரெலுக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளை வேற்றூர்க்காரன் என்றால் அவன் ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டும். வாசித்தால் அங்கே உள்ள மணியக்காரன் சும்மா இருப்பானா? ஓடி வந்து தடுப்பான். அதனால் ஹொரெல் அவனைத் தன் களஞ்சியத்தில் நான்கைந்து வாரம் படுக்க வைத்துச் சோறு போட்டு, "இந்த ஊர்க்காரன்" என்று குருவானவரிடம் சொல்லிவிட்டார். குருவானவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

தெர்சா முடியாது என்றாள். முடியாவிட்டால் திருத்தச் சிறையில் சணல் உரிக்கலாம் என்றார்கள். அதற்கும் அவள் அசையவில்லை. அப்புறம் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அம்மாவுக்கு வாராவாரம் வந்த ரொட்டியை நிறுத்தினார்கள். இரண்டாவது வாரம் அவள் சரி என்றாள். அவள் ரூபனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. படை வேறு எங்கேயோ போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

மூன்று ஓலையும் ஒழுங்காக வாசித்தார்கள். ரூபனுக்கு இரண்டு, இந்தக் குடிகாரனுக்கு மூன்று. கலியாணத்தன்று பித்தளைக் குமிழ் வைத்த கோலோடு ஹொரெலும் இன்னொரு பண்ணைக்காரரும் வாசலை மறித்து நின்றார்கள். மாப்பிள்ளை ஓடிவிடக் கூடாதே! மணி அடிக்கச் சொல்லவில்லை, சைலஸும் அடிக்கவில்லை. ஓபேத் போட்டிருந்த புது பூட்ஸ் கல் தரையில் கிறீச் கிறீச்சென்றது. ஊர்ப் பணத்தில் வாங்கிய பூட்ஸ். என் புருஷனுக்கு அப்படி ஒரு ஜோடி வாழ்நாளில் வாய்த்ததில்லை.

சடங்கு முடிந்து புத்தகத்தைத் திறந்தார்கள். ஓபேத் கீறல் போட்டான். தெர்சா பேனாவை வாங்கித் தானும் ஒரு கீறல் போட்டாள்.

"உனக்கு எழுதத் தெரியுமே தெர்சா?" என்றார் குருவானவர்.

"தெரியும் ஐயா. ரூபன் பக்கத்துல எழுதறதுக்காக வச்சிருக்கேன்."

ஹொரெல் அதைக் கேட்டும் கேட்காதது போல் சாட்சி இடத்தில் தன் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதினார். சைலஸ் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைய ரொட்டி கல்லாகப் போயிற்று, அப்படி அடித்துப் பிசைந்திருக்கிறேன்.

கலியாண விருந்து சாராயக் கடையில். ஓபேத் வயிறு முட்டத் தின்று, குடித்து, சாயங்காலம் கொல்லைப் பக்கம் போனவன் திரும்பி வரவே இல்லை. தெர்சா நிம்மதியாக அம்மா வீட்டுக்கு நடந்து போனாள். ஆடி மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. வெல்னத்து ரொட்டியில் ஒரு துணுக்குகூட அது தின்னவில்லை. எந்த வாய்க்குப் பயந்து இத்தனையும் செய்தார்களோ அந்த வாய் பால் குடிக்கக்கூடக் கற்றுக்கொள்ளாமல் போய்விட்டது. 'கிரிம்வுட்' என்று பெயர் எழுதிப் புதைத்தார்கள்.

அறுப்புக்கு ரூபன் வந்தான். அவள் சொன்னபடியே வந்தான். படையின் சிவப்புச் சட்டையோடு நேராக என் வீட்டுக்கு வந்து, "ஹெஸ்டரக்கா, மூணாவது ஓலை எப்ப வாசிப்பாங்க, கேட்டுச் சொல்லுங்க" என்றான். சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. சொன்னேன். அவன், பிள்ளையின் குழி எங்கே என்று மட்டும் கேட்டான். காட்டினேன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து போய், சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹொரெலைக் குதிரையிலிருந்து இழுத்து வாத்துக் குட்டையில் தள்ளினான்.

ஹொரெல் தலையில் பாசியோடு எழுந்து நின்ற காட்சியை ஊரே பார்த்தது. நான் சிரித்தேன், இன்னொரு தரம் பார்த்தால் இன்னொரு தரம் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவன் ரூபன். கையில் விலங்கு மாட்டிப் படைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே சாட்டையால் முதுகை உரித்துவிட்டார்கள். சண்டை ஓய்ந்து எல்லாரும் திரும்பும்போதுதான் அவனும் திரும்பினான்.

தெர்சா காத்திருந்தாள். அம்மா செத்துப்போனாள். ஹொரெல் தொழுவத்தில் வேலை போயிற்று. அடுத்த பண்ணையில் சேர்ந்தாள். புருஷன் ஏழு வருஷம் கண்ணில் படாவிட்டால் பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ரூபன் திரும்பி வந்த பிறகும், அந்த ஏழு வருஷம் முடியும்வரை அவனும் அவளும் ஒரே கூரையின் கீழ் ஒரு வேளைகூட உட்கார்ந்ததில்லை. ஊர் வாயை அவளுக்குத் தெரியும். அவன் அவள் வீட்டுப் படலைப் பழுது பார்ப்பான், அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவாள். ரூபன் விடுமுறை நாளில் எல்லாம் சந்தை சந்தையாக அலைந்து நொண்டி ஓபேத்தைத் தேடினான். எந்த ஊர் என்று தெரியாமல் எங்கே போய்த் தேடுவது? ஹொரெலைக் கேட்டால், "புத்தகத்துல இந்த ஊருன்னுதானே இருக்கு" என்பார்.

ஏழு வருஷம் முடிந்ததும் ஓலை வாசிக்கக் கேட்டார்கள். முதல் ஞாயிறு குருவானவர் வாசித்தார். இரண்டாவது ஞாயிறு வாசித்தார். தெர்சா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து சிவந்து போயிருந்தது. மூன்றாவது ஞாயிறு குருவானவர் வாசித்து முடித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்ட வாய் மூடவில்லை, ஹொரெல் எழுந்தார்.

"தடை இருக்கு. அவ புருஷன் உயிரோட இருக்கான். போன சந்தையில என் கண்ணால பாத்தேன்."

"எந்தச் சந்தை?" என்று ரூபன் கத்தினான். "சொல்லுங்க! நான் போகாத சந்தை எது?"

"கோயிலுக்குள்ள கத்தாத. குட்டை வெளியில இருக்கு" என்றார் ஹொரெல்.

குருவானவர் புத்தகத்தை மூடிவிட்டார். சத்தியம் செய் என்று ஹொரெலைக் கேட்கவில்லை. பெரிய மனிதர் வாய் திறந்தாலே சத்தியம்தானே! தெர்சா எழுந்து, தலைக்குல்லாயின் முடிச்சைச் சரி செய்துகொண்டு, நடுவழியாக நடந்து வெளியே போனாள். ஊரே திரும்பிப் பார்த்தது. ஒருத்தரும் எழுந்து பின்னால் போகவில்லை. நான் போனேன். அவள் என்னைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ரூபன், "ஓலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வா சேந்து இருப்போம்" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு புள்ளைய வேற பேருல பொதைச்சாச்சு. இன்னொண்ணு பேரே இல்லாம பொறக்கணுமா?" என்பாள். அவனுக்கு முதுகு கூன ஆரம்பித்தது. தனியாகச் சமைத்துத் தின்று, தீயணைந்த அடுப்புக்கு முன்னால் பூட்ஸோடு தூங்கிப் போவான். ஒரு தை மாதம் காய்ச்சலில் கிடந்தவனை இரண்டு நாள் கழித்துத்தான் ஊர் கவனித்தது.

அவன் தேறி எழுந்ததும் தெர்சாவே அவனுக்கு மார்த்தாவைப் பேசினாள். மார்த்தா இரண்டு பிள்ளைகளோடு நின்ற விதவை, நல்லவள், நன்றாக ரொட்டி சுடுவாள். படலுக்கு அருகில் நடந்த பேச்சு என் காதில் விழுந்தது. என் வீடு எதிர்த்தாற்போல்தானே.

"பைத்தியமா உனக்கு? நீ இருக்கறப்ப நான் போய் இன்னொருத்திய..."

"நான் இருந்து உனக்கு என்ன ஆச்சு? கஞ்சி வைக்க ஆள் உண்டா? செத்தா கண்ணை மூட ஆள் உண்டா? எனக்கு அவன் சாகவும் மாட்டான், வரவும் மாட்டான். நீயாவது வாழு ரூபன்."

"நீ?"

"எனக்கு மாடு இருக்கு."

அவன் அழுதான். அவள் அழவில்லை. படலின் மேல் கம்பைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

ரூபனும் மார்த்தாவும் கலியாணம் செய்துகொண்ட அன்று சாட்சிக்கு வழக்கம்போல் சைலஸும் நானும் போனோம். ரூபன் கீறல், மார்த்தா கீறல், சைலஸ் பெயர். நான் பேனாவுக்குக் கை நீட்டும்போது பின்னால் கதவு திறந்தது. தெர்சா வேலைக்குப் போகும் ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"ஹெஸ்டரக்கா, இந்த ஒரு தடவை எனக்கு விட்டுக் குடுங்க" என்றாள்.

மார்த்தா அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். தெர்சா குனிந்து, முழுப் பெயரையும் எழுதினாள். பாஸ்க் என்றுதான் எழுதினாள், கிரிம்வுட் என்று எழுதவில்லை. குருவானவர் அதை அப்படியே விட்டுவிட்டார். பத்திரமாக வைத்திருந்த கையெழுத்தை ரூபன் பக்கத்தில்தான் போட்டாள், மணப்பெண்ணின் வரியில் இல்லை, சாட்சியின் வரியில். மை காய ஊதிவிட்டுப் பால் கறக்கப் போனாள். ரூபன் சுவரைப் பார்த்து நின்றான்.

ஹொரெல் அதற்கு முன்பே செத்துப்போனார். கோயில் சுவரில் அவருக்கு ஒரு பளிங்குக் கல். 'ஏழைகளின் நண்பர்' என்று அதில் வெட்டியிருப்பதாகச் சைலஸ் படித்துச் சொன்னார். சனிக்கிழமைதோறும் அதை நான்தான் துடைக்கிறேன். எப்படித் துடைக்கிறேன் என்பது எனக்கும் அந்தக் கல்லுக்கும் தெரியும்.

ரூபன் கலியாணத்துக்கு அடுத்த வசந்தத்தில், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள கெல்டிங்கிலிருந்து ஒரு பையன் வந்தான். கெல்டிங் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்குச் சந்தை வேறு, எங்களோடு போக்குவரத்துக் கிடையாது. ஹொரெல் மட்டும் வருஷா வருஷம் கிடா வாங்க அங்கே போவார். பையனின் தகப்பன் அந்த ஊர்க் குழிவெட்டி. கலியாணம் முடிந்து என் அடுக்களையில் உட்கார்ந்து பன்றிக்கறியும் பீருமாக வெளுத்துக்கட்டிக்கொண்டே கதை அளந்தார்.

"எத்தனையோ பேரைப் பொதைச்சிருக்கேன்மா. புது பூட்ஸோட ஒரே ஒரு பிச்சைக்காரனைத்தான் பொதைச்சேன். குடிச்சிட்டு வாய்க்கால்ல விழுந்து கெடந்தான். காலு ஊதிப் போச்சு, கழட்ட முடியல. எனக்கு அந்த பூட்ஸு மேல ஆசை, ம்ஹூம், வரவே இல்ல."

"யாரு அது?" என்றேன்.

"எங்க ஊரு நொண்டிதான். ஓபேத் கிரிம்வுட்."

"எப்ப?"

"பழைய ராஜாவுக்கு ஐம்பதாம் வருஷம்னு முழு மாட்டைச் சுட்டு ஊருக்கு விருந்து போட்டாங்களே, அந்த வருஷம். புல்லறுத்துக் காயப் போடற நேரம், ஆனி மாசம்."

அதே வருஷம் வைகாசியில்தான் கலியாணம். ஆனியில் அவன் மண்ணுக்குள். ரூபன் வந்தது ஆவணியில். சிவப்புச் சட்டையோடு என் வாசலில் வந்து மூன்றாவது ஓலை எப்போது என்று கேட்டானே, அன்றைக்கே அவள் விதவை. அன்றைக்கே வாசித்திருக்கலாம்.

"அவன் பொண்டாட்டிக்கு ஏன்யா ஆள் சொல்லி அனுப்பல?" என்று கத்திவிட்டேன்.

மனிதர் கையில் கறித்துண்டோடு விழித்தார். "பொண்டாட்டியா? அவனுக்கா? கலியாணம்னா எங்க கோயில்ல ஓலை வாசிச்சிருப்பாங்களேம்மா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கெல்டிங் தடுத்துவிடக் கூடாது என்று ஹொரெல் செய்த சாமர்த்தியத்தில் கெல்டிங்குக்கு அவன் கலியாணமே தெரியவில்லை. ஹொரெலுக்கோ வருஷா வருஷம் அங்கே போய் வந்தும் அவன் செத்தது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் கோயிலில் எழுந்து நின்றிருக்கிறார். வாத்துக் குட்டைக்காக.

மறுநாள் தெர்சாவிடம் போய்ச் சொன்னேன். மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. வாளி நிறைந்ததும் எடுத்து ஒரு பக்கம் வைத்தாள்.

"ஆனி மாசமா?"

"ஆமாண்டி."

"ரூபன் ஆவணியில வந்தான்."

"ஆமா."

அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். கூச்சமில்லாமல், சத்தமாக, ஒரு காலத்தில் சிரித்தது போலவே தெருக்கோடி வரை கேட்க அழுதாள். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அழுது முடித்து ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பாலாடைக்கட்டிக் கல் தூக்கிய கை, வலித்தது.

"அவனுக்குச் சொல்லக் கூடாது."

"தெர்சா, அவனுக்குத் தெரிய வேணாமா? அந்த..."

"மார்த்தா முழுகாம இருக்கா அக்கா. அவன் இப்பத்தான் வீட்டுல தூங்கறான். சொன்னா என்ன செய்வான்? அந்தப் பளிங்குக் கல்லை ஒடைப்பான், ஜெயிலுக்குப் போவான். இல்லாட்டி ராத்திரி பகலா என்னையே நெனச்சிட்டுக் கெடப்பான். மார்த்தா என்ன பாவம் பண்ணா? சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். இதற்கு மட்டும் பூட்டுப் போட்டேன், ஒன்றில்லை, மூன்று.

ரூபன் இப்போதும் ஞாயிறுதோறும் மார்த்தாவோடும் பிள்ளைகளோடும் கோயிலுக்கு வருகிறான். முன்னைக்கு இப்போது சதை போட்டிருக்கிறான். தெர்சா தன் பழைய இடத்தில், எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறாள். போன வாரம் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியேறும்போது அவன் என்னிடம் ஒதுங்கி வந்து நின்றான். அவ்வப்போது கேட்பதுதான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்பான்.

"ஹெஸ்டரக்கா, அந்த நொண்டிப் பயலப் பத்தி ஏதாச்சும் சேதி வந்துச்சா? எனக்காக இல்ல. அவன் செத்தான்னா தெர்சாவாச்சும் நிம்மதியா இருப்பா இல்ல?"

தெர்சா வாசலில் நின்று மார்த்தாவின் கைக்குழந்தைக்குக் குல்லாய் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல ரூபன்," என்றேன். "இன்னும் ஒண்ணும் வரல."